‘வலி பத்துக்கு எட்டு’ என்றால் டாக்டருக்கு என்ன தெரியும்?

கேள்வி இதுதான்: எட்டு மாதமாக இடுப்பு வலி, இடது காலில் இறங்கும் எரிச்சல். மூன்று டாக்டரைப் பார்த்தாயிற்று, ஆளுக்கொரு மாத்திரை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் வெளியே வர வேண்டியிருக்கிறது. டாக்டரிடம் எப்படிப் பேசினால் உருப்படியாக வைத்தியம் நடக்கும்?

ஐந்து நிமிடம் குறைவுதான். அதிலும் நாலு நிமிடம் ‘எங்கே வலிக்குது, எப்ப ஆரம்பிச்சுது, இதுவரை என்ன சாப்பிட்டீங்க’ என்று தோண்டி எடுப்பதில் போய்விடுகிறது. ‘ஒரு வெள்ளை மாத்திரை டாக்டர், கொஞ்சம் நீளமா இருக்கும்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஏற்கெனவே சாப்பிட்டுப் பலன் தராத மருந்தே வேறு பெயரில் திரும்ப வருகிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், எடோரிகாக்சிப் என்று நாலு சீட்டில் நாலு பெயர் இருக்கும். நாலும் ஒரே குடும்பம். மூன்று டாக்டர் மூன்று வைத்தியம் பார்த்தார்கள் என்று நீங்கள் நினைப்பது, ஒரே வைத்தியத்தை மூன்று தடவை பார்த்ததாகக்கூட இருக்கலாம். பழைய சீட்டுகளையும் காலி அட்டைகளையும் தேடி எடுத்து முதலில் இதைச் சரிபாருங்கள்.

மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கும், அல்லது போய்ப்போய்த் திரும்பி வரும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இதற்குத் தனிக் குறியீடே இருக்கிறது. சுளுக்கு, தசைப் பிடிப்பு போன்றவை பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும். ஆறிய பிறகும் வலித்தால், வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூச்சம் கூடிப்போயிருக்கலாம். லேசாகத் தொட்டாலும், கொஞ்சம் குனிந்தாலும் அது பெரிதாகக் கத்தும். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் வலிப்பதற்கு இது ஒரு காரணம். கற்பனை என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஸ்கேனில் ஏதோ இருக்கிறது என்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்றும் ஆகிவிடாது. முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. டிஸ்க் தேய்மானம் இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் இருந்தது. டிஸ்க் பிதுக்கம் 30 சதவீதத்தில் தொடங்கி 84 சதவீதம் வரை போனது. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி, ‘இதில் எழுதியிருக்கும் இடமும் எனக்கு வலிக்கும் இடமும் ஒத்துப்போகிறதா டாக்டர்?’ என்பதுதான். ஒத்துப்போகாவிட்டால் ரிப்போர்ட்டில் உள்ள ‘தேய்மானம்’, ‘பிதுக்கம்’ போன்ற பயங்கரமான வார்த்தைகளை மறந்துவிடலாம்.

இனி, நீங்கள் என்ன கொண்டுபோக வேண்டும் என்பது. ‘வலி எட்டு’ என்பதை வைத்து டாக்டர் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒருவருக்கு எட்டு என்றால் படுத்த படுக்கை. இன்னொருவர் எட்டோடு பஸ் ஏறி வேலைக்குப் போவார். அந்த எண்ணுக்குத் துணையாக இன்னும் இரண்டு எண் வேண்டும். பெக் என்ற அளவுகோல் மூன்றே கேள்விதான் கேட்கும்: போன வாரம் சராசரி வலி எவ்வளவு, வாழ்க்கையை ரசிப்பதற்கு அது எவ்வளவு குறுக்கே வந்தது, அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு குறுக்கே வந்தது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். 8, 7, 6 என்று வந்தால் சராசரி 7. அடுத்த முறை அது 5க்குக் கீழே இறங்கினால் சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் முப்பது சதவீதக் குறைவைத்தான் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். பூஜ்யத்தைக் குறிவைத்துப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். 7இலிருந்து 4.5க்கு இறக்கிய நல்ல மருந்தை ‘இன்னும் வலி போகலையே’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

எண்ணைவிடச் சொல் பல நேரம் அதிகம் பேசும். தமிழில் வலிக்குச் சொல்லுக்கா பஞ்சம்! எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது, கரண்ட் அடித்த மாதிரி சுளீரென்று தெறிப்பது எல்லாம் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். கடுப்பு, உளைச்சல், ஒரே இடத்தில் பிடித்துக்கொள்வது, அமுக்கினால் வலிப்பது என்பவை தசை, மூட்டுப் பக்கம் கைகாட்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்து, நடமாடிய பிறகு இளகினால் அழற்சி வகை வாத நோயையும் டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். விண்விண் என்று துடிப்பது வேறு, குடைவது வேறு. டாக்டரைப் பார்த்ததும் மரியாதைக்காக ‘பெயின் இருக்கு சார்’ என்று சுருக்கிவிடாதீர்கள். வீட்டில் எப்படிப் புலம்புவீர்களோ அதே வார்த்தையில் சொல்லுங்கள். எரிச்சலுக்கு எழுதும் மருந்து ஒன்று, கடுப்புக்கு எழுதும் மருந்து வேறொன்று.

போவதற்கு முன் இரண்டு வாரம் குறிப்பு எழுதினால் போதும். காலையில் ஒரு வரி, ராத்திரி ஒரு வரி. மணிக்கொரு தரம் எழுத ஆரம்பித்தால் நாள் முழுக்க வலியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதுவே வலியைக் கூட்டும். பிறகு அதை ஒரே பக்கத்துக்குச் சுருக்குங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘இடுப்பு, இடது பக்கம், எட்டு மாதம். பாரம் தூக்கியபோது ஆரம்பம். தொடை வெளிப்பக்கமாகக் கணுக்கால் வரை எரிச்சல், வாரத்தில் நாலு நாள். உட்கார்ந்தால் 20 நிமிடத்தில் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. ராத்திரி இரண்டு தடவை விழிப்பு. டைக்ளோஃபெனாக் 50 மி.கி. தினம் இரண்டு, மூன்று வாரம்: கொஞ்சம் குறைந்தது, வயிறு எரிந்தது, நானே நிறுத்தினேன். ப்ரீகாபாலின் 75 மி.கி. ராத்திரி மட்டும், பத்து நாள்: தலைசுற்றல், பலன் தெரியவில்லை. பிசியோ நாலு தடவை, பிறகு போகவில்லை. மற்றவை: பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 மி.கி., கடையில் வாங்கும் பாராசிட்டமால் வாரம் ஆறு. பெக் 7. வேண்டியது: 45 நிமிடம் தொடர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.’

இதில் மிகவும் உபயோகமானது கடைசி வரி. ‘வலி போகணும்’ என்பதை யாராலும் அளக்க முடியாது. 45 நிமிடத்தைக் கடிகாரம் காட்டும். அடுத்ததாக, மருந்துகளின் எதிரே அளவு, எத்தனை நாள், என்ன ஆயிற்று, ஏன் நிறுத்தினீர்கள் என்ற நாலும் இருப்பது. நானே நிறுத்தினேன் என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். மறைத்தால் ‘முழுதாகச் சாப்பிட்டும் கேட்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டு டாக்டர் அடுத்த படிக்குப் போய்விடுவார். நாட்டு மருந்து, கஷாயம், தூக்க மாத்திரை, மது என்று எது இருந்தாலும் அதுவும் பக்கத்தில் ஏற வேண்டும்.

மருந்து விஷயத்தில் அடிப்படையான ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாள்பட்ட வலிக்கு எழுதும் ஒவ்வொரு மருந்தும் ஒரு சோதனை. தொடங்கும் தேதி, ஏற்றும் அளவு, முடிவு பார்க்கும் தேதி, எதை வைத்து முடிவு பார்ப்பது என்ற நாலும் இல்லாவிட்டால் அது சோதனையே இல்லை. சீட்டை வாங்கும்போதே கேளுங்கள்: ‘எத்தனை வாரத்தில் தெரியும்? அளவை எப்போது, எவ்வளவு கூட்டணும்? எது வந்தால் உடனே நிறுத்தணும்? எது வந்தால் பொறுத்துக்கலாம்?’ கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்றால், நரம்பு வலி மருந்துகள் பெரும்பாலும் தோற்பது அளவிலும் காலத்திலும்தான். கபாபென்டின் வழக்கமாக 300 மி.கி.யில் தொடங்கும்; ஆய்வுகளில் பலன் தெரிந்தது தினம் 1800 மி.கி.யும் அதற்கு மேலும். அங்கே போய்ச் சேரவே சில வாரம் ஆகும், சேர்ந்த பிறகு இரண்டு வாரமாவது அந்த அளவில் இருந்து பார்க்க வேண்டும். 300இல் பத்து நாள் சாப்பிட்டு ‘கேக்கலை’ என்று விட்டால் மருந்தைச் சோதித்ததாகவே ஆகாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்தக் கணக்கு முழுக்க மாறும், அதனால் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. அமிட்ரிப்டிலின் 10 மி.கி. ராத்திரியில் தொடங்கி மெல்ல ஏறும். ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வாய் உலரும், மலம் கட்டும், காலையில் மந்தமாக இருக்கும். படுக்கப்போகும் நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டால் காலை மந்தம் குறையும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் இந்த மருந்தை வாங்கவே கூடாது. டுலாக்ஸெடின் பெரும்பாலும் 30 மி.கி. ஒரு வாரம், பிறகு 60. முதல் வாரக் குமட்டலைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் மட்டுப்படும், பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போயும்விடும்.

கடைசி இரண்டு மருந்திலும் உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டைப் பிரித்தால் ‘மனச்சோர்வுக்கு’ என்று போட்டிருக்கும். ‘என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா’ என்று மாத்திரை அங்கேயே நின்றுவிடும். மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலிச் செய்தியை அமுக்கும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. அது வேலை செய்வது நார்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய வேதிப்பொருள்களால். இந்த மருந்துகள் அவற்றைக் கூட்டுகின்றன. சோர்வே இல்லாதவருக்கும் வலி குறைவது இதனால்தான். டாக்டர் இதைச் சொல்ல மறந்தால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். நரம்பு வலி மருந்துகள் சரியான அளவில் கொடுத்தாலும் எல்லோருக்கும் கேட்பதில்லை. நாலு முதல் எட்டுப் பேருக்குக் கொடுத்தால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் கிடைப்பதற்கு மேல், ஒருவருக்குத்தான் வலி பாதியாகிறது. எனவே ஒன்று கேட்கவில்லை என்றால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. அடுத்ததைச் சோதிக்க வேண்டியதுதான். இன்ன வலிக்கு இன்ன மருந்து என்பதும் முக்கியம். ப்ரீகாபாலின் சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும், அக்கி வந்து போன பிறகு நிற்கும் வலிக்கும் உதவுகிறது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகாவுக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2017இல் வெளியான சோதனை காட்டியது. மாதிரிப் பக்கத்தில் இருப்பதுபோல் பத்து நாளில் விட்ட ப்ரீகாபாலினை மறுபடி தொடங்கலாமா என்ற பேச்சு வந்தால் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

சாதாரண வலி மாத்திரைகளில்தான் ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஈரல் கோளாறு, குடிப்பழக்கம், மெலிந்த உடம்பு என்றால் எல்லை இன்னும் குறைவு. சளி மாத்திரையிலும், ட்ரமடால் கலந்த மாத்திரையிலும், டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கச் சிறு எழுத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் நாளுக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்பது தெரியும். டைக்ளோஃபெனாக் குடும்பத்தில் இரண்டைச் சேர்த்து எடுத்தால் வலி இரண்டு மடங்கு குறையாது. வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும்தான் கூடும். கரிய நிற மலம் போனால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மேலே உள்ள மாதிரிப் பக்கத்தில் டெல்மிசார்டன் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்த வகைப் பிரஷர் மாத்திரை, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, டைக்ளோஃபெனாக் வகை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். வாந்தி பேதியாகி நீர் வற்றிய நாளில் இன்னும் மோசம். மூன்று டாக்டர் மூன்று சீட்டு எழுதும்போது இதை முழுதாகப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான், அல்லது ஒரே கடையில் வாங்கினால் மருந்தாளுநர். முழங்கால், விரல் மூட்டு வலியாக இருந்தால் மாத்திரைக்கு முன் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கேட்டுப் பாருங்கள். ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம்.

தலைவலிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், ட்ரிப்டான் (ஒற்றைத் தலைவலி மருந்து), ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), கலவை மாத்திரை என்றால் 10 நாள் அல்லது அதற்கு மேல், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடலாம். காலண்டரில் மாத்திரை போட்ட நாளை வட்டமிட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ட்ரமடால் போன்ற ஓபியாய்டுகளைப் பற்றி டாக்டர் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது. நாள்பட்ட முதுகு, இடுப்பு மூட்டு, முழங்கால் வலி உள்ள 240 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்கள் மற்ற மருந்து எடுத்தவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. பக்க விளைவு மட்டும் அதிகம். ட்ரமடால் எடுப்பவர் டுலாக்ஸெடினோ அமிட்ரிப்டிலினோ சேர்க்கும்போது செரட்டோனின் எகிறலாம், வலிப்பும் வரலாம். தூக்க மாத்திரையோடு, மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கலாம். இருந்தும் தேவைப்படும் இடம் உண்டு. அப்போது முடிவுத் தேதியையும் மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். இதையும், டுலாக்ஸெடின், ப்ரீகாபாலின், கபாபென்டின் ஆகியவற்றையும் திடீரென்று நிறுத்தக் கூடாது; படிப்படியாக இறக்கும் அட்டவணையை எழுதி வாங்குங்கள்.

மாத்திரையோடு நின்றால் முக்கால்வாசி வைத்தியம் பாக்கி. ‘நல்ல நாள்’ வந்ததும் தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் செய்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது நாள்பட்ட வலிக்காரர்களின் வழக்கமான சுழற்சி. அதை உடைக்க ஒரு கணக்குப் போடலாம். ஐந்து நாள் வலி பெரிதாகாமல் எவ்வளவு நடக்க முடிந்தது என்று குறியுங்கள்: 10, 25, 8, 20, 12 நிமிடம். சராசரி 15. அதில் எண்பது சதவீதம் 12. நல்ல நாளோ கெட்ட நாளோ தினம் 12 நிமிடம்தான். நன்றாக இருக்கிறது என்று 25க்குப் போகக் கூடாது. வாரத்துக்குப் பத்து சதவீதம் அளவில் கூட்டலாம். உட்கார்வதற்கும் இதே முறைதான். பயிற்சியின்போது வலி இரண்டு எண் ஏறி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பொதுவாகப் பயமில்லை. மறுநாளும் ஏறியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். நாலு தடவை பிசியோ போய்விட்டு நிறுத்தியதைச் சோதனையாகக் கணக்கில் எடுக்க முடியாது. தசை வலுவாக ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். எந்த அசைவு, எத்தனை முறை, எப்போது கூட்டுவது என்பதைப் பிசியோவிடம் எழுதி வாங்குங்கள்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும். தூக்கம் கெட்ட மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கும். மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் கோபப்பட வேண்டியதில்லை. நடத்தைச் சிகிச்சையில் கற்பது, வலிக்குமோ என்ற பயத்தில் உடம்பை முடக்கிவைக்கும் பழக்கத்தை விடுவது எப்படி என்பதுதான்.

அறைக்குள் போனதும் அந்தப் பக்கத்தை நீட்டி, முதல் வாக்கியத்திலேயே ‘எனக்கு ரெண்டு விஷயம் வேணும் டாக்டர்: காரணம் எதெல்லாம் இல்லைன்னு தெரியணும், 45 நிமிஷம் உட்காரணும்’ என்று தொடங்குங்கள். முக்கியமானதைக் கதவைத் திறந்துகொண்டே சொல்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். எழுந்திருக்குமுன் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘ராத்திரி ஒண்ணு, ரெண்டு வாரத்தில் ரெண்டாக்கணும், ஆறு வாரம் கழிச்சு வரணும். சரியா?’ ‘வலியோடு பழகிக்கோங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், ‘அதுக்கு யார்கிட்டப் போய்க் கத்துக்கணும்?’ என்று கேட்டு வலி சிகிச்சை நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். டாக்டரை மாற்றுவதானால் அந்தப் பக்கத்தோடு மாறுங்கள், இல்லாவிட்டால் டைக்ளோஃபெனாக்கிலிருந்து மறுபடி ஆரம்பம்.

சில விஷயத்துக்கு மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்பாடு இழப்பது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் வலுவிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அப்போதே அவசரப் பிரிவு. நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிரந்தரச் சேதமாகலாம். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை இறங்குவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, ஸ்டீராய்டு சாப்பிடும்போது திடீரென்று வந்த வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலியோடு மெல்லும்போது தாடை வலிப்பது அல்லது பார்வை மங்குவது ஆகியவையும் உடனே பார்க்க வேண்டியவை. பார்வை மங்கினால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போட வேண்டாம். ‘போன மாதம்தான் ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்’ என்று அப்போது வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அந்தப் படம் போன மாத முதுகைத்தான் காட்டும்.